கல்லெறி வாங்கிய காதலன்

கதைகளில் வரும் காதலர்களுள் யாரைப் பிடிக்கும் என்று பெண்கள் பேசத் தொடங்கினால், அருகிலிருக்கும் படித்த ஆண்கள் புன்னகைப்பது வழக்கம். இது இலக்கிய ரசனையன்று, வெறும் பொழுதுபோக்கு, விவாதிக்க இதில் ஒன்றுமில்லை என்னும் தீர்ப்பு அப்புன்னகையில் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பு தவறானது. அதன் தவற்றைத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதி ஒன்று உண்டென்றால் அது சித்தூர், திருப்பதி வட்டாரம். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் அவ்வட்டாரத்தில் இரு மொழிகளின் காதல் நாயகர்களும் ஒரே வாசகியின் கைக்கு வந்து சேர்கிறார்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என வளர்ந்த குடும்பங்கள் சித்தூரிலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் உண்டு. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் போயின. வாசிப்பு அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. தெலுங்கு எழுத்தறிந்த மூத்த தலைமுறைப் பெண்களிடம் ராஜசேகரம் என்ற பெயரைச் சொன்னால் போதும். அது யாரென்று விளக்க வேண்டியதில்லை. யத்தனபூடி சுலோசனா ராணி 1960-களில் எழுதிய ‘செக்ரட்டரி’ நாவலின் நாயகன் அவன். செல்வன், அழகன், கார் வைத்திருப்பவன், அளந்து பேசுபவன். 1976-இல் அந்நாவல் திரைப்படமானபோது அவன் அக்கினேனி நாகேசுவர ராவாகவும், நாயகி ஜயந்தி வாணிஸ்ரீயாகவும் உருப்பெற்றனர். ஆனால் அதற்கு முன்பே வாடகை நூல் நிலையங்களின் நைந்துபோன பிரதிகளில் அவன் ஒரு தலைமுறையின் அளவுகோலாகிவிட்டான்.

விமர்சகர்கள் இதைக் கனவு வியாபாரம் என்று ஒதுக்கினர். காரும் மாளிகையும் வைத்திருக்கும் ஒருவன், மாதச் சம்பளத்துக்கு வரும் பெண்ணை மணப்பது நடைமுறையில் நிகழாது என்பது அவர்கள் வாதம். நிகழாதுதான். ஆயினும் அந்நாவலை ஊன்றிப் படிப்பவர், வாசகியர் மயங்கியது காரில் மட்டுமன்று என்பதை உணர்வர். ஜயந்தி வேலைக்குச் செல்பவள், தன்மானம் மிக்கவள், முதலாளியின் செல்வாக்குக்குத் தலை வணங்காதவள். குடும்பத்திலிருந்து முதன்முதலாக அலுவலகம் சென்ற பெண்கள் பெருகிய காலத்தில் அந்தத் தன்மானமே பெரும் கவர்ச்சி. ராஜசேகரத்தை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் ஜயந்தி என்று கொள்வதே பொருத்தம். அவள் முகம் திருப்பினால் அவன் கலங்கினான்.

தமிழில் ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் இதே வேட்கைக்கு விடையளித்தன. அங்கும் நாயகன் வசதி படைத்தவன். அங்கும் ஐயமும் பிணக்கும் உண்டு. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பல கதைகளில் நாயகன் கடைசி அத்தியாயத்தில் தரும் விளக்கம் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. இருநூறு பக்கம் வருந்தியவள் இரண்டு பக்கத்தில் மன்னித்துவிடுகிறாள். அவ்வளவு மலிவான மன்னிப்பை வாசகியர் உண்மையில் ஏற்றார்களா, அன்றி முடிவு சுபமாக வேண்டும் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டார்களா என்பது ஆராயத்தக்கது.

இவ்விருவர் படைப்புகளுக்கும் முந்தியவன் வந்தியத்தேவன். சித்தூரை ஒட்டி ஓடும் நீவா ஆறு தமிழ்நாட்டில் பொன்னையாறு என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. அவ்வாற்றின் கரையில் இருக்கிறது திருவல்லம், வாணர்களின் பழம்பதி. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் அந்த வாணர் குலத்து இளைஞன். ஆகவே சித்தூர் வாசகிக்கு அவன் ஒரு வகையில் பக்கத்து ஊர்ப் பையன். அரசிழந்த குலம், கையில் பொருளில்லை, சொந்தமாக ஒரு குதிரையும் ஒரு வாளும். ஆண் வாசகர்கள் அவனை வீரன் என்பர். அவனுடைய சாகசங்களை வரிசையாகச் சொல்வர். பெண் வாசகியர் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் வேறு காட்சி. அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பஞ்சடைத்த முதலையின் மீது அவன் வேலெறிந்து அசடு வழிவது அது. காதல் நாயகனாக ஆகப்போகிறவனை, அவன் மனம் கவரப்போகிற குந்தவையின் முன்னிலையிலேயே கல்கி கேலிப்பொருளாக்குகிறார். பின்னர் பூங்குழலியும் அவனை எள்ளி நகையாடுகிறாள். அவனோ கோபம் கொள்வதில்லை. பெண்களின் கேலியைத் தாங்கத் தெரிந்தவனாக இருக்கிறான். மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்தபோது கார்த்தியின் வந்தியத்தேவனைத் தெலுங்குப் பார்வையாளர்களும் கண்டனர். அங்கும் மனத்தில் நின்றது வாள்வீச்சைவிட அந்தக் குறும்புதான்.

காதல் நாயகனை அளக்க உயரமும் செல்வமும் வீரமும் கோல்களாகா. அவனைக் கடிந்துகொள்ளும் உரிமை நாயகிக்கு இருக்கிறதா, கடிந்தபின் அவன் என்ன செய்கிறான் என்பனவே கோல்கள். இவை மேலைநாட்டிலிருந்து கடன் வாங்கிய அளவைகள் அல்ல. மருதத்திணைத் தலைவி வாயில் மறுத்தாள். தலைவன் வாசலில் நின்றான். தோழி அவனுக்காகப் பரிந்து பேசியதைவிட அவனை இடித்துரைத்ததே மிகுதி.

திருப்பதியின் தலபுராணமும் இவ்வாறே தொடங்குகிறது. வேட்டையாட வந்த சீனிவாசன், நாராயணவனத்துப் பூந்தோட்டத்தில் ஆகாசராசன் மகள் பத்மாவதியைக் கண்டு தன் விருப்பத்தைச் சொல்கிறான். அவளும் தோழியரும் கல்லெடுத்து எறிகின்றனர். குதிரை மாண்டுபோகிறது. நாயகன் நடந்தே மலைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறான். அதன்பின் அவன் படையெடுத்து வரவில்லை. பெண்ணைத் தூக்கிச் செல்லவும் இல்லை. வகுளமாலிகை தூது செல்கிறாள். அவனும் குறி சொல்லும் பெண்ணாக வேடம் தரித்துப் பெண்களின் முற்றத்தில் வந்து அமர்கிறான். திருமணச் செலவுக்கோ குபேரனிடம் கடன். இன்றுவரை உண்டியலில் விழும் காசு அந்த வட்டிக்கே என்று மக்கள் நம்புகின்றனர். பெண் வீட்டாரிடம் வரதட்சிணை பேசும் ஊர்களில், மாப்பிள்ளை கடன்பட்டு மணம் முடித்த இக்கதை ஆண்டுதோறும் கலியாண உற்சவமாக நடத்தப்படுகிறது. எவரும் அந்த முரணை எடுத்துப் பேசுவதாகத் தெரியவில்லை.

ஆண்டாள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள். நாச்சியார் திருமொழியில் வேங்கடத்து மேகங்களைத் தூது விடும் பாசுரங்களில் கெஞ்சுதல் மட்டுமில்லை. ஒரு பெண்ணை வாட்டி அழித்தவன் என்ற பழி பரவினால் அவன் புகழ் என்னாகும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அவள் தேர்ந்தெடுத்த நாயகனும் கதைகள் வழியே கேட்டறிந்தவன்தான். வாசகி ஒருத்தி தன் நாயகனைத் தானே தேர்ந்ததற்கு இதைவிடத் துணிவான சான்று இல்லை. கிருட்டிணதேவராயர் அத்தமிழ்ப்பெண்ணின் காதலைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ எனக் காவியமாக்கி வேங்கடவனுக்கே காணிக்கையாக்கினார்.

அன்னமய்யாவிடம் இந்தக் கண்டிப்பு அன்றாடப் பேச்சாகவே மாறிவிடுகிறது. 1408-இல் தாள்ளபாக்கத்தில் பிறந்த அவர் 32,000 கீர்த்தனைகள் பாடியதாகக் கூறுவர். செப்பேடுகளில் கிடைத்தவை 12,000-க்கும் மேல்; அவற்றுள் பெரும்பகுதி சிருங்காரப் பாடல்கள். அவற்றில் அலமேலுமங்கையும் தோழியரும் தாமதமாக வந்தவனை நிறுத்திக் கணக்குக் கேட்கிறார்கள், சாக்குப்போக்கைப் பிட்டுவைக்கிறார்கள், பேச மறுக்கிறார்கள். பாடியவர் ஆண் என்பது உண்மையே. எனினும், நாயகியை வாயடைக்கச் செய்தால் நாயகனின் பெருமை கூடும் என்று அவர் ஒருபோதும் கருதவில்லை.

இன்றைய வாசிப்பு பெரும்பாலும் கைப்பேசியில் நிகழ்கிறது. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் தமிழிலும் தெலுங்கிலும் காதல் தொடர்கள் குவிகின்றன. எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் பெண்களே. அங்கு ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்கென்றே ஒரு தனிக் கூட்டம் உண்டு. நாயகன் கடத்துகிறான், மிரட்டித் தாலி கட்டுகிறான், அறைகிறான், பிறகு உருகுகிறான். இவற்றை விரும்பிப் படிக்கும் பெண்களைப் பழிப்பது எளிது. அப்பழிப்பில் மேற்கூறிய புன்னகையின் சாயல் இருக்கிறது. அச்சமூட்டும் ஒருவனைக் கதைக்குள் வைத்துக் கட்டுப்படுத்திப் பார்ப்பது, வெளியே கட்டுப்படுத்த முடியாதவர்களின் பயிற்சியாகவும் இருக்கக்கூடும்.

ஆனால் பயிற்சி என்றால் எதிர்க்கும் நா நாயகிக்கு இருக்க வேண்டும். பல தொடர்களில் அது பறிபோயிருக்கிறது. அவள் அழுகிறாள், மயங்கி விழுகிறாள், காய்ச்சலில் படுக்கிறாள். அவனை நிறுத்திக் கேட்பதில்லை. நாராயணவனத்தில் கல் எறிந்தவளின் கையில் இப்போது கல் இல்லை. நாயகன் கொடியவனாக இருப்பது அவ்வளவு பெரிய பிழையன்று. கொடுமைக்கு விடை சொல்ல ஒருவரும் இல்லாத கதையே பிழைபட்ட கதை. பெற்றோர் பார்த்த வரனிடம் ஒரு கேள்வி கேட்கவும் தயங்கும் இளம்பெண் இரவில் இத்தொடரைப் படிக்கிறாள் என்பதை எழுதுவோர் நினைவிற்கொள்வது நன்று.

இதற்கிடையே அத்தியாயங்களின் கீழே வாசகியர் எழுதும் குறிப்புகளைப் படித்தால் வேறொன்று புலப்படும். இவனுக்கு ஏன் ஒருத்தியும் பதிலடி கொடுக்கவில்லை, அடுத்த பகுதியில் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மன்னிப்புக் கேட்காமல் இவனைச் சேர்க்காதீர்கள் என்று அவர்கள் எழுதுகிறார்கள். சிலர் நாயகனை ஒருமையில் ஏசுகிறார்கள். நாயகி இழந்த நாவைத் தோழியர் எடுத்துக்கொண்டுவிட்டனர். அவர்களுக்குச் செவிகொடுத்து அடுத்த பகுதியின் போக்கை மாற்றும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். காதல் நாவல் குறித்து ஆராய வருவோர் கதைகளோடு இக்குறிப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் போதிய அளவு இருக்கிறார்கள்.