கார் பளபளக்கிறது, ஆறு நுரைக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படித்துவிட்டுத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் மணலூர்பேட்டைப் பாலத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள். தண்ணீர் ஓரமாக நாலைந்து கார்கள் நிற்கும். ஷாம்பு, பஞ்சு, பிரஷ், பாட்டு எல்லாம் இருக்கும். கழுவி முடித்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். "கலர் எப்படி சார்?" என்று எனக்கே அனுப்புகிறார்கள்.

கலர் நன்றாகத்தான் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கருப்பில் மட்டும்தான் வந்தது. இன்று ஷோரூமில் பத்து நிறம் காட்டுகிறார்கள். அப்பா சைக்கிள் மிதித்த வீட்டில் பிள்ளை கார் வாங்கி, பிடித்த நிறத்தைக் கேட்டு வாங்குகிறான் என்றால் வாத்தியாருக்கு அதைவிட என்ன சந்தோஷம்?

என் சண்டை வேறு. வண்டியின் மேல் உயிரையே வைத்திருக்கிறேன் என்கிற நீங்கள், வண்டியையும் கெடுக்கிறீர்கள், ஆற்றையும் கெடுக்கிறீர்கள்.

முதலில் வண்டி. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு. இத்தனையும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மெட்டாலிக் நிறத்தில் மின்னுவது பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள். நீங்கள் ரசிக்கிற பளபளப்பு அந்த மேல் பூச்சு வழவழப்பாக இருக்கும்வரைதான்.

நம் ரோட்டுத் தூசியில் இருப்பது மணல். அந்தப் பூச்சைவிட மணல் கடினமானது. தினம் காலையில் காய்ந்த துணியை எடுத்து அந்தத் தூசியோடு சேர்த்துத் தேய்க்கிறவன் வண்டியைத் துடைக்கவில்லை, உப்புத்தாள் போடுகிறான். இரண்டு வருடம் கழித்து, கருப்பு வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டால் மெழுகும் போய்விடும். கொளுத்துகிற வெயிலில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புக் கறை நிற்கும்.

அடுத்தது தண்ணீர். என் வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது. அதே வேகத்தில் டியூபைப் பிடித்து 20 நிமிடம் கழுவினால் 300 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கிற கணக்கு 55 லிட்டர். ஐந்து பேருடைய ஒரு நாள் தண்ணீரை ஒரு கார் குடிக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீர் தீர்ந்த பிறகுதான் அந்தப் புத்தி வந்தது.

"அதனால்தான் சார் ஆத்துக்கு வர்றோம்" என்பீர்கள். அதுதான் இன்னும் மோசம்.

தென்பெண்ணை எங்கிருந்து வருகிறது? நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பக்கத்தைத் தொட்டு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு இந்த ஆற்றில்தான் சேர்கிறது. ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்துக் கொதித்தோம். அந்த நுரைக்குச் சோப்புத்தூளும் ஒரு காரணம். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, பிறகு நாம்.

ஒரு மாணவன் கேட்டான்: "பெங்களூர் சாக்கடையே வருது, என் ஒரு வண்டி ஷாம்புவா சார் ஆத்தைக் கெடுக்கப் போகுது?" தம்பி, பெங்களூரில் ஒவ்வொரு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். நமக்கு மேலே ஊர் இருக்கிற மாதிரி நமக்குக் கீழேயும் ஊர் இருக்கிறது. திருக்கோவிலூர் இருக்கிறது, விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள் இருக்கின்றன, கடலூர் வரைக்கும் ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான் பெங்களூர்.

"மாடு குளிப்பாட்டலையா?" என்று இன்னொருவர். மாட்டின் வயிற்றுக்கடியில் கிரீஸ் ஒழுகுவதில்லை. சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கும், எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் படரும். 2024 டிசம்பரில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டபோது இந்த ஆறு எப்படி வந்தது என்று பார்த்தோம். அதே ஆறு சித்திரையில் அங்கங்கே குட்டையாகத் தேங்கி நிற்கும். அந்தக் குட்டையில் ஊற்றுகிற ஷாம்பு எங்கே போகும்? மணலுக்குள் இறங்கும். அந்த மணலில் ஊறுகிற தண்ணீர்தான் கரையோரக் கிணறுகளுக்கும் போகிறது.

தை 5 அன்று அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இந்த ஆற்றுக்குத்தான் வருகிறார். ஊரே தலை முழுகுகிற இடத்தில் டயரைத் தேய்க்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

திட்டிவிட்டு வழி சொல்லாமல் போகிறவன் வாத்தியார் இல்லை. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை மேலாக ஊற்றித் தூசியை இறக்குங்கள். இரண்டு வாளி போதும்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலச நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள், டயர் கடைசி. மைக்ரோஃபைபர் துணியை ஒற்றி எடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை போதும். பறவை எச்சத்தை மட்டும் உடனே நனைத்து எடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் கறையே விழாது.

மற்ற நாளில் வண்டியில் கொஞ்சம் தூசி இருந்தால் இருக்கட்டும். நம் ஊர் ரோட்டில் ஓடுகிற வண்டி அது, ஷோரூமில் நிற்கிற வண்டி இல்லை.

வருகிற ஆயுத பூஜைக்குப் பாலத்துக்குக் கீழே ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது. நின்றால் நான் வந்து நம்பர் பிளேட்டைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

உங்கள் அறிவியல் வாத்தியார்,
மணலூர்பேட்டை