பட்டி பூசும் முன்

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு வீட்டுக் கொட்டகை. மார்க் 2 அம்பாசடர் ஒன்று நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பெயிண்டில் முகம் தெரிகிறது. துணி சுற்றிய காந்தத்தை இடது பின்கதவுக்கு அடியில் வைத்தேன். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கேயும் ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். கணீரென்று வரவேண்டிய சத்தம் மண்சுவரைத் தட்டியதுபோல அமுங்கிப் போனது. உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும் பட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஒரு விரல் கனம் இருக்கும். அதற்குப் பின்னால் கோழிவலை. கோழிவலைக்குப் பின்னால் மடித்துத் திணித்த மலையாளச் செய்தித்தாள், நல்ல ஈரத்தோடு. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் தகரமே இல்லை.

வண்டிக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முழுசாகப் புதுப்பித்தாயிற்று என்று நம்பிப் பணம் கொடுத்து எடுத்த வண்டி அது. அவர் ஒன்றும் பேசவில்லை. கீழே விழுந்த தாளை எடுத்து, மெல்லப் பிரித்து, தேதியைப் பார்த்தார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே செய்திருக்கிறேன். ஒரு பிரீமியர் பத்மினி. மகள் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும், ஒரு வாரத்தில் முடித்துத் தா என்றார் அதன் சொந்தக்காரர். பிளாட்பாரம், அதாவது வண்டியின் தரை, முழுக்க ஓட்டை. தகரம் வெட்டி ஒட்ட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வலை வைத்துப் பட்டி அடித்து, மேலே தார் பூசிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து வண்டி திரும்பி வந்தபோது, டிரைவர் சீட்டின் பின்காலைத் தாங்கிய இடம் தரையோடு தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதை என் திறமை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த இதழைப் படிக்கிற டிங்கர்களிடமும் பெயிண்டர்களிடமும், வீட்டுக் கொட்டகையில் தாமே வேலை செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பட்டி பூசும் முன் வண்டியின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு வெறும் தகரத்தைக் காட்டுங்கள். காட்டியதைப் படமெடுத்து, என்ன வெட்டினோம், என்ன வைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி, அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அதன் பிறகு பட்டியைத் தொடுங்கள்.

திருவனந்தபுரத்தில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆக, நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். மழை ஓய்ந்த நாட்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. சங்குமுகம், வலியதுறை, பூந்துறைப் பக்கம் நிற்கிற வண்டிகளுக்குக் கடல் உப்பும் சேருகிறது. உப்புக் கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துரு வேகம் பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்புவது அதனால்தான். நாம் காண்கிற கொப்புளம் ஒரு ரூபாய் அளவென்றால், உள்ளே அழிந்தது உள்ளங்கை அளவு இருக்கும். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. இரண்டு தகரம் ஸ்பாட் வெல்டில் சேர்கிற மடிப்பிலும், கதவின் அடிவிளிம்பிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியிலும்தான் அது முதலில் பிடிக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய விட்ட சிறு துளைகளைப் போன பெயிண்டர் அடைத்துவிட்டுப் போயிருந்தால், ஒவ்வொரு மழைக்கும் கதவு ஒரு தொட்டியாகிவிடுகிறது. துளையைக் குத்தித் திறக்க ஒரு கம்பி போதும். ஒரு நிமிட வேலை.

துரு பிடித்த இடத்தில் பட்டி வைத்தால் என்ன ஆகிறது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. பட்டி பாலியெஸ்டர் பிசினும் மாக்கல் பொடியும் கலந்த கலவை. மூடாமல் விட்டால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊரில் பட்டியின் மேல் தண்ணீர் விட்டு எமரி பேப்பரால் ரப்பிங் பண்ணுகிற பழக்கம் வேறு. தேய்த்த ஈரம் காய்வதற்குள் பிரைமர் ஏறிவிடுகிறது. அந்த ஈரம் போக வழியில்லாமல் தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. பட்டியை உலர்வாகத் தேயுங்கள். தண்ணீர் ரப்பிங்கைப் பிரைமருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தூசு பறக்கும், அதற்கு முகமூடி போட்டுக்கொள்ளலாம். பட்டி கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. டாலியும் சுத்தியலும் வைத்து நிமிர்த்திய தகரத்தில் மிஞ்சுகிற மேடு பள்ளத்துக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குள், அதுவும் எபாக்ஸி பிரைமர் மேல், அதைப்போல உதவுகிற பொருள் வேறில்லை. ஓட்டையை மூட அது வந்ததல்ல.

எங்கே ஓட்டை என்பதும் முக்கியம். வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் (சேஸிஸ்) உண்டு. உடலை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். அதன் தரை ஓட்டையானால் சங்கடம்தான், என்றாலும் வண்டியைத் தாங்குவது சட்டம். அம்பாசடரும் பத்மினியும் அப்படியில்லை. அவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற சைடு சில், பின் ஸ்பிரிங் பட்டை வந்து மாட்டுகிற இடம், பிளாட்பாரம் எல்லாம் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. கரமனை வண்டியில் செய்தித்தாள் திணித்திருந்தது அந்தச் சில்லில்தான். மேலே நான்கு பேர், டிக்கியில் சாமான், கீழே கோழிவலை!

சில்லை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவைக் கழற்றும் முன் இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில், சக்கரத்தின் மேலோ ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கீழே கட்டை கொடுத்தோ நிறுத்துங்கள். நடுவில் ஜாக்கி கொடுத்து வெட்டாதீர்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்து இறுக்கிய பிறகே கட்டர் எடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் உடல் நடுவில் ஒரு நூல் தொய்யும். புதுச் சில்லை வெல்டு பண்ணியதும் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு எத்தனை முறை கீலைத் திருகினாலும் கதவு சேராது. துருவை நல்ல தகரம் வரும்வரை வெட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் வெல்டு அரித்த தகரத்தில் பிடிக்காது, ஊதி ஊதி ஓட்டைதான் பெரிதாகும். ஒட்டுக்கு சி.ஆர். ஷீட் எடுங்கள். ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று சிலர் அதை வைக்கிறார்கள். வெல்டு பண்ணும்போது அதன் துத்தநாகம் எரிந்து கிளம்புகிற புகை குளிர்காய்ச்சல் கொண்டுவரும், மழைக்காக மூடிய கொட்டகையில் இன்னும் மோசம். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகரம் நெளியும். சிஓ2 வெல்டிங்கில் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று தாவித் தாவி வைத்தால் நெளியாது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஆரம்பிக்கவேண்டும் என்பதையும் பேட்டரி வயரைப் பிரிக்கவேண்டும் என்பதையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் நினைவூட்டுகிறேன்.

நம் ஊருக்கென்றே ஒரு விதியும் உண்டு. மழைக்காலத்தில் பெயிண்ட் சுரண்டிய தகரத்தை இரவு அப்படியே விட்டால், காலையில் மஞ்சள் படிந்திருக்கும். கைவைத்த இடத்தில் விரல்ரேகை துருவாகவே பதிந்திருக்கும். அன்றைக்கு எவ்வளவுக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். சில் போன்ற மூடிய பெட்டிக்குள் பெயிண்ட் போகாது; வேலை முடிந்ததும் துளை வழியாக மெழுகு அடிக்கவேண்டும். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் பழக்கம். அது வடிந்து ரப்பரைக் கெடுக்கிறது, சொந்தக்காரர் வீட்டு முற்றத்தையும் கெடுக்கிறது. டேங்கின் உள்ளேயும் இப்போது ஒரு கண் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மூன்று மாதம் ஓடாமல் நின்ற பழைய வண்டியின் டேங்கில் அடியில் தண்ணீர் தங்கி அரிக்கிறது. பம்பின் டயாஃப்ரமும் சீக்கிரம் போகிறது.

வண்டி நிற்கிற இடமும் ஓடுகிற பழக்கமும் பாதி வேலை. திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அரை நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த சிஏஎன் 42 என்ற எண்ணுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் 180-ஐ இந்த ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. 1950-களில் வாங்கிய அந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்ததும், கூரைக்கடியில் நின்றதும், கைபடத் துடைக்கப்பட்டதும்தான் அதைக் காப்பாற்றின. நம் வாடிக்கையாளர்களில் பலருக்குப் போர்ட்டிகோ கிடையாது. தென்னைக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறார்கள். தார்ப்பாய் மழையை வெளியே நிறுத்துகிறது. தரையிலிருந்து எழுகிற ஈரத்தை உள்ளே நிறுத்துகிறது. இதை அவர்களிடம் சொல்லவேண்டியது நாம்தான்.

எழுதி வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவைக் கொண்டுவந்தது. எண்ணில் விஏ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; அதன்பின் புதுப்பிக்க 5,000. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும் என்பதும், சேஸிஸிலோ உடலிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அதன் முக்கிய நிபந்தனை. 1970-களின் தொடக்கத்து அம்பாசடரும் ஹெரால்டும் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. சாதாரணப் பதிவிலேயே வைத்திருப்பவர்களுக்கும் செலவு கூடியிருக்கிறது: 20 வருடம் கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயானது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், தயாரித்த கம்பெனி கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதையும் மறக்கவேண்டாம்.

பழுதுபார்த்து மூல வடிவுக்குக் கொண்டுவந்தது வேறு, வடிவத்தை மாற்றியது வேறு. வண்டியைப் பார்வையிடுகிறவருக்கு இந்த வித்தியாசத்தைப் பெயிண்டுக்கு மேலே நின்று காட்ட முடியாது. வெட்டுவதற்கு முன் எடுத்த படம், வெட்டிய பிறகு எடுத்த படம், வைத்த தகரத்தின் கேஜ், தேதி எல்லாம் நோட்டில் இருந்தால் சொந்தக்காரர் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். வெட்டியெடுத்த பழைய துண்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், டீசல் என்ஜின் மாற்றித் தா என்று யாராவது கேட்டால், கழற்றிய பழைய என்ஜினை ஆக்கர் கடைக்குப் போட விடாதீர்கள்.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு சில்லைச் சரியாக வெட்டி ஒட்ட நான்கு நாளாவது போகும். பட்டிக்கு ஒரு மதியம் போதும். கூலியில் பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். என்னிடமிருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் வெறும் தகரத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் திரும்பிப் போனவர்கள் குறைவு. விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்த பிறகு யாரும் பேரம் பேசுவதில்லை. இந்த வருடம் சில், அடுத்த வருடம் பெயிண்ட் என்று தவணை கேட்கிறார்கள். தவணைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். பிரைமரோடு ஒரு வருடம் ஓடட்டும், நமக்கும் அதில் வெட்கமில்லை.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் உத்தர்பாராவில் நின்றது. பத்மினி அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. புதுப் பேனல் வராது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைப்பதும் பாதிக்குப் பாதி துரு. மட்கார்டின் அடித்துண்டைத் தகரத்தில் தட்டியே எடுக்கத் தெரிந்த கை நம்மிடம் எத்தனை மிச்சம்? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசான் மார்த்தாண்டத்துக்காரர். மணல்மூட்டையின் மேல் தகரத்தை வைத்து மரச்சுத்தியலால் வளைப்பார். நான் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், "மக்கா, கண்ணை மூடிட்டு உள்ளங்கையால தடவிப் பாரு" என்பார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். அந்த வேலை படிக்கப் பையன்கள் வருவதில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். வருகிறவனிடம் முதல் நாளே பட்டிக் கரண்டியைக் கொடுத்துவிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பெயிண்ட் முடிந்த படம் வேண்டாம். வெட்டிய சில், ஒட்டிய பிளாட்பாரம், பிரைமர் ஏறாத வெல்டு, அளவு எழுதிய நோட்டுப் பக்கம் இவற்றை அனுப்புங்கள். முதல் படமாகக் கரமனை அம்பாசடரைப் போடுகிறோம். இடது சில் முடிந்துவிட்டது, வலது பக்கம் இன்னும் திறக்கவில்லை. மழை விடக் காத்திருக்கிறோம்.