கழற்றி வைத்த கடிகாரம்

ஸ்மார்ட் வாட்ச் எனும் கைக்கடிகாரத்தை வாங்குவோர் முதலில் நோக்குவது முகப்பின் எழிலையே. மின்கலம் எத்தனை நாள் தாங்கும் என்னும் வினா கடைசியில்தான் எழுகிறது. அதுவே முதல் வினாவாதல் வேண்டும் என்பது நம் கருத்து.

இக்கருவி நாடியை அறியும் முறை எளியது. அடிப்புறத்துப் பச்சை ஒளி தோலினுள் பாய்கிறது. குருதி அதை உறிஞ்சுகிறது. துடிப்புதோறும் குருதியின் அளவு மாறுவதால், திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. இடைவிடாது இவ்வாறு அளப்பதற்கு மின்னாற்றல் செலவாகும். ஒளிரும் முகப்பும், செயற்கைக்கோள் வழி இடமறியும் அமைப்பும் அதனினும் மிகுதியாக உண்பவை. 2015-இல் வெளிவந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு அந்நிறுவனமே கூறிய அளவு 18 மணி நேரம். இத்தகைய கடிகாரத்தை இரவில் கழற்றி மின்னேற்றுவதே பலர் வழக்கம். கை அசையாதிருப்பதால் ஓய்வுநாடி செம்மையாகப் பதியும் வேளை அதுவன்றோ! உறக்கத்தின் பதிவும் அதனுடன் போயிற்று.

முகாம்களில் தங்கும் களப்பணியாளருக்கு, ஒரு வாரம் தாங்கும் எளிய பட்டைக் கருவியே ஏற்றது. விலையும் குறைவு.

ஆயினும் காட்டுவன எல்லாவற்றையும் நம்புதல் கூடாது. ஊசியின்றிக் குருதிச் சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் கடிகாரங்களைப் பயன்படுத்த வேண்டா என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. நாடியையோ வகுப்பிலேயே சோதிக்கலாம். மாணவரை ஒரு நிமிடம் விரலால் எண்ணச் செய்து, கடிகாரம் காட்டும் எண்ணுடன் ஆசிரியர் ஒப்பிடுக. கையை வீசி நடந்த பின்னர் மறுமுறையும் ஒப்பிடுக.