கரையானும் கரப்பானும் ஒரே கூட்டம்

கரையானை ஆங்கிலேயர்கள் "வெள்ளை எறும்பு" என்று சொன்னார்கள். நம்மில் பலரும் அது எறும்புக்குச் சொந்தம் என்றுதான் நினைக்கிறோம். அப்படியில்லை. எறும்பு, தேனீக்கும் குளவிக்கும் பங்காளி. கரையானோ கரப்பான் பூச்சிக்குப் பங்காளி. நம் கொங்கு வழக்கில் சொன்னால் இரண்டும் ஒரே கூட்டம்.

நம் காலத்துப் பாடப்புத்தகங்களில் கரையானுக்கு ஐசாப்டெரா என்று தனி வரிசை இருந்தது. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, கரையான் என்பது கூடிவாழப் பழகிய கரப்பானே என்று எழுதினார்கள். இப்போது இரண்டும் பிளாட்டோடியா வரிசையில் சேர்ந்துவிட்டன.

இதற்குச் சாட்சிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மாஸ்டோடெர்மஸ் கரையான், கரப்பானைப் போலவே முட்டைகளைக் கட்டாகச் சேர்த்து இடுகிறது. அமெரிக்கக் காடுகளில் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான், மக்கிய மரத்தைத் தின்றுகொண்டு குஞ்சுகளோடு குடும்பம் நடத்துகிறது. மரத்தைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தாய் தகப்பனிடமிருந்துதான் குஞ்சுகளுக்கு வரவேண்டும். பெரியவர்கள் கூட இல்லாவிட்டால் சின்னதுகளுக்குச் சாப்பாடு செரிக்காது! கரையானின் கூட்டுக் குடித்தனமும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கணிப்பு.

இனி என் கருத்து. ஒரு பங்காளியைக் கண்டால் சீமாற்றை எடுக்கிறோம். இன்னொரு பங்காளி கட்டிய புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுகிறோம். அதே புற்று தோட்டத்து வேலியோரம் இருந்தால் விஷ மருந்தை ஊற்றுகிறோம். இந்த மூன்றாவதுதான் தப்பு.

கதவு நிலையை அரித்தால் மருந்து அடிக்க வேண்டியதுதான், அதில் தர்மம் பார்க்க முடியாது. தென்னங்கன்றைக் கடித்தாலும் அப்படித்தான். ஆனால் வேலியோரத்துப் புற்று என்ன கெடுதல் செய்தது? கோடையில் மண்புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போதும் நம் மானாவாரிக் காட்டில் சருகையும் சோளத்தட்டையும் மண்ணாக்குவது கரையான். அது துளைத்த வழியில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். மழை விட்டதும் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்தவர்களும், ஈசல் பிடித்து வறுத்துத் தின்றவர்களும் நாம்தானே?

கரப்பானில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் வந்து தொல்லை கொடுப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை காட்டில் சருகு தின்று தம்பாட்டுக்குக் கிடக்கின்றன. நாலு பங்காளி செய்த வம்புக்குக் கூட்டத்தையே அழிப்பது நியாயமா? வீட்டைக் காப்பாற்றுங்கள், வேலியோரப் புற்றை விட்டுவிடுங்கள். தோட்டம் காடு வைத்திருக்கும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.