ஆப்பிரிக்கா இல்லாத உலகக்கோப்பை

வரும் ஜூன் 11 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்குகிறது. முதல் ஆட்டத்தில் மெக்சிகோவை எதிர்கொள்ளும் அணி தென்னாப்பிரிக்கா. 32ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை இம்முறை 48ஆக உயர்ந்திருக்கிறது. கேப் வெர்டே, குராசோ, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் ஆகியவை முதன்முறையாகக் களம் காண்கின்றன. இதையொட்டி ஒரு புலம்பலும் எழுந்திருக்கிறது. ஆட்டத்தின் தரம் நீர்த்துப்போகும், தகுதியற்ற அணிகள் நுழைந்துவிட்டன, உலகக்கோப்பை தன் மதிப்பை இழக்கிறது என்பதே அதன் சாரம். இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் சில ஆண்டுகளேனும் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லாட்சி புதிதன்று. அவையில் புதியவர்கள் வந்து அமரும்போதெல்லாம் ‘தகுதி’ என்னும் சொல் முந்திக்கொண்டு எழுந்து நிற்கும். அதுவரை அந்த இருக்கைகள் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தன என்று கேட்பார் இருக்கமாட்டார்.

உலகக்கோப்பையின் இடங்கள் எக்காலத்திலும் ஆட்டத்திறனை மட்டும் அளந்து பங்கிடப்பட்டவை அல்ல. இதை உணர 1966ஆம் ஆண்டின் போட்டியைவிடப் பொருத்தமான சான்று இல்லை. இங்கிலாந்து தன் மண்ணில் கோப்பையை வென்ற ஆண்டாகவே அது நினைவுகூரப்படுகிறது. ஒரு கண்டம் முழுவதும் அந்தப் போட்டியை மறுத்து வெளியே நின்றது என்பது பெரும்பாலான உலகக்கோப்பை வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

முன்கதை நீளமானது. 1934இல் எகிப்து இத்தாலிக்குச் சென்று ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்றுத் திரும்பியது. அதன்பின் 36 ஆண்டுகள் எந்த ஆப்பிரிக்க அணியும் உலகக்கோப்பையில் ஆடவில்லை. ஆடுவதற்கு அணிகள் இல்லாமல் போகவில்லை, வழிதான் இல்லை. 1962ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் மொராக்கோ தன் கண்டத்து அணிகளைக் கடந்து வந்தது. ஆனால் கண்டத்தை வென்றால் போதாது என்பதே அன்றைய விதி. அடுத்த கட்டமாக ஸ்பெயினையும் வென்றாக வேண்டும். மொராக்கோ 1-0, 3-2 என்ற கணக்கில் இரு ஆட்டங்களிலும் தோற்றது. ஒரே கோல் வித்தியாசங்கள். அந்த ஸ்பெயின் அணியோ ரியல் மாட்ரிட் தன் உச்சத்தில் இருந்த காலத்து அணி.

இதற்கிடையில் ஆப்பிரிக்காவின் அரசியல் வரைபடமே மாறிவிட்டது. 1957இல் கானா விடுதலை பெற்றது. 1960இல் மட்டும் 17 நாடுகள் விடுதலை அடைந்தன. புதிய நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையிலும் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிலும் அடுத்தடுத்து உறுப்பினராயின. கொடியும் நாட்டுப்பண்ணும் போலவே தேசியக் கால்பந்து அணியும் இறையாண்மையின் அடையாளமாக விளங்கியது. குவாமே நிக்ரூமா இதை நன்கறிந்திருந்தார். கானா அணிக்கு வழங்கும் ‘கருப்பு நட்சத்திரங்கள்’ என்ற பெயர், மார்கஸ் கார்வியின் ‘பிளாக் ஸ்டார் லைன்’ கப்பல் நிறுவனத்தை நினைவூட்டுவது. அந்த அணி 1963, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது.

இச்சூழலில்தான் 1964இல் ஃபிஃபா 1966ஆம் ஆண்டுப் போட்டிக்கான இடங்களைப் பங்கிட்டது. மொத்தம் 16. போட்டியை நடத்தும் இங்கிலாந்து உட்பட ஐரோப்பாவுக்கு 10. நடப்பு வாகையரான பிரேசில் உட்படத் தென்னமெரிக்காவுக்கு 4. வட, நடு அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் சேர்த்து 1. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து எஞ்சிய 1. அதாவது ஆப்பிரிக்காவின் வாகையர் ஆசியாவின் வாகையரையும் வென்றால்தான் உள்ளே நுழைய முடியும். மனிதகுலத்தின் பெரும்பகுதி வாழும் நிலப்பரப்புக்கு ஒற்றை நாற்காலி.

கானாவின் விளையாட்டுத் துறைத் தலைவரும் ஃபிஃபா செயற்குழு உறுப்பினருமான ஓஹெனே ஜான் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்துத் தந்தி அனுப்பினார். எத்தியோப்பியாவின் யிட்நெகாச்சியூ டெசெமா அவருடன் நின்றார். இவர் தன் நாட்டுக்காக ஆடியவர். பின்னர் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானவர். இவர்களின் கோரிக்கை எளியது: ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஓர் இடம். ஃபிஃபா இணங்கவில்லை. தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்திருந்த ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு அணிகள் அனைத்தும் விலகின. ஃபிஃபா அவற்றுக்கு அபராதம் விதித்தது.

இட எண்ணிக்கையோடு மற்றொரு குறையும் இதில் பின்னியிருந்தது: தென்னாப்பிரிக்கா. 1957இல் கார்ட்டூமில் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பைத் தோற்றுவித்த நான்கு நாடுகளில் அதுவும் ஒன்று. மற்றவை எகிப்து, சூடான், எத்தியோப்பியா. ஆனால் முதல் ஆப்பிரிக்கக் கோப்பைக்கே வெள்ளையர் மட்டும் கொண்ட அணி அல்லது கருப்பர் மட்டும் கொண்ட அணி, இரண்டில் ஒன்றைத்தான் அனுப்புவோம் என்றது நிறவெறி அரசின் நிழலில் இயங்கிய அந்நாட்டுச் சங்கம். அது இல்லாமலேயே போட்டி நடந்தது. 1961இல் ஃபிஃபாவும் அச்சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஃபிஃபாவின் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஸ்டான்லி ரவுஸ் 1963இல் நேரில் சென்று பார்வையிட்டுத் திரும்பினார், தடை விலக்கப்பட்டது. 1966க்கு வெள்ளையர் அணி, 1970க்குக் கருப்பர் அணி என்று மாற்றி மாற்றி அனுப்பலாம் என்றொரு யோசனையையும் அச்சங்கம் முன்வைத்தது. நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டதன்று, ஓர் அமைப்பு முழு நிதானத்துடன் முன்வைத்த திட்டம் இது. 1964இல் டோக்கியோவில் கூடிய ஃபிஃபா பேரவையில் ஆப்பிரிக்க, ஆசிய உறுப்பினர்களின் வாக்குகள் தடையை மீட்டன. 1976இல் தென்னாப்பிரிக்கா முற்றாக வெளியேற்றப்பட்டது.

புறக்கணிப்பை வீரமாக மட்டும் எழுதிவிடுவது எளிது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தந்தி அனுப்பிய அலுவலர்கள் அல்லர், ஆட்டக்காரர்கள். அடுத்தடுத்து இருமுறை ஆப்பிரிக்க வாகையரான கானாவின் அந்தத் தலைமுறையில் ஒருவர்கூட உலகக்கோப்பையில் ஆடவில்லை. நிக்ரூமா 1966 பிப்ரவரியில், அதாவது போட்டி தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது, இராணுவப் புரட்சியால் ஆட்சியிழந்தார். கானா முதன்முதலாக உலகக்கோப்பைக்குச் சென்றது 2006இல். நாற்பதாண்டு இடைவெளியை எந்தக் கொள்கையும் ஓர் ஆட்டக்காரரின் முழங்கால்களுக்கு ஈடுசெய்துவிட முடியாது. ஆயினும் விலகாமல் ஆடியிருந்தால் அடுத்த போட்டிக்கும் அதே ஒற்றை நாற்காலிதான் காத்திருந்திருக்கும்.

உலகக்கோப்பைக்குச் செல்லாத கதை இந்தியாவுக்கும் ஒன்று உண்டு. 1950இல் வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதிக்காததால் இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை என்ற கதை நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் உயிர்பெறுகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடி பிரான்சிடம் 2-1 என்று தோற்றது உண்மை. அந்தப் படிமத்தின்மீதுதான் கதை கட்டப்பட்டது. 1950இல் சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசிலும் முன்வந்தது. வீரர் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை என்று சொல்லி விலகியது இந்தியச் சங்கம்தான். ஒலிம்பிக்கே பெரிதென்று கருதிய காலம் அது. கிடைத்த இடத்தை இந்தியா அலட்சியத்தால் விட்டதும், கிடைக்காத இடத்துக்காக ஆப்பிரிக்கா கிடைத்த வாய்ப்பையும் துறந்ததும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. வெறுங்கால் கதை இனிமையானதுதான். அது அலட்சியத்தைத் தியாகமாக மாற்றிக்காட்டுகிறது.

ஆப்பிரிக்கா விலகியபின் அந்த ஒற்றை இடத்துக்கு வட கொரியாவும் ஆஸ்திரேலியாவும் எஞ்சின. தென் கொரியாவும் விலகிவிட்டிருந்தது. வட கொரியாவுடன் உறவு இல்லாத நாடுகளே மிகுதி என்பதால் ஆட்டங்கள் கம்போடியாவின் புனோம் பென்னில் நடந்தன. அரங்கில் பாதிப்பேர் ஒரு அணிக்கும் மறுபாதியினர் மற்ற அணிக்கும் ஆரவாரிக்குமாறு சிஹானூக் ஏற்பாடு செய்தார். வட கொரியா 6-1, 3-1 என்று வென்று இங்கிலாந்து சென்றது. மிடில்ஸ்பரோ நகரில் பாக் டூ-இக் அடித்த ஒரே கோலால் இரு முறை உலக வாகையரான இத்தாலியை வீட்டுக்கு அனுப்பியது. தாயகம் திரும்பிய இத்தாலிய வீரர்களை ஜெனோவா விமான நிலையத்தில் வரவேற்றது தக்காளி மழை. ‘தகுதி’ பற்றிய விவாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுமொழி இருக்க முடியாது: மூன்று கண்டங்களுக்குச் சேர்த்து வழங்கிய ஒற்றை இடத்தில் வந்த அணி காலிறுதியில் நின்றது.

அந்தக் காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக வட கொரியா 3-0 என முன்னிலை பெற்றது. பிறகு யூசேபியோ நான்கு கோல்கள் அடித்தார். ஆட்டம் 5-3 என முடிந்தது. ஒன்பது கோல்களுடன் அப்போட்டியிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவரும் அவரே. யூசேபியோ பிறந்தது மொசாம்பிக்கின் லோரென்சோ மார்க்கெஸில், இன்றைய மபுட்டோவில். அணித்தலைவர் மாரியோ கொலுனா, தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஹிலாரியோ, விசென்ட்டே ஆகியோரும் மொசாம்பிக்கில் பிறந்தவர்களே. அதே மொசாம்பிக்கில் 1964 செப்டம்பரில் ஃப்ரெலிமோ இயக்கம் போர்ச்சுகலுக்கு எதிராக ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்க அணிகள் ஒன்றுகூட இல்லாத போட்டியின் ஒப்பற்ற ஆட்டக்காரர் ஆப்பிரிக்கர். அவர் அணிந்திருந்தது காலனிய நாட்டின் சட்டை. அந்தக் கண்டத்தின் ஆட்டத்திறனை ஐரோப்பா அறியாமல் இல்லை. அத்திறன் தன் சொந்தக் கொடியின் கீழ் வருவதைத்தான் அது ஏற்கத் தயங்கியது.

புறக்கணிப்பு பயனளித்தது. 1970ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஓர் இடம் வழங்கப்பட்டது. மொராக்கோ சென்றது, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதலில் முன்னிலை பெற்று 2-1 என்று தோற்றது. 1974இல் ஸயீர் யூகோஸ்லாவியாவிடம் 9-0 என்று தோற்றபோது ‘தகுதி’க்காரர்களுக்குக் கொண்டாட்டம், அவ்வணியின் மீது மொபுட்டு ஆட்சியின் மிரட்டல் தொங்கிக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. 1978இல் துனிசியா மெக்சிகோவை 3-1 என வீழ்த்தியதே ஆப்பிரிக்காவின் முதல் வெற்றி. 1982இல் இரண்டு இடங்கள். அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை வென்றது. அதன்பின் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இருவருக்கும் உகந்த 1-0 என்ற முடிவை எட்டியபின் ஹிஹோன் நகரத்து அரங்கில் பந்தைப் பின்னும் பக்கவாட்டிலும் உருட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியேற்றின. பிரிவின் கடைசி ஆட்டங்கள் இன்று ஒரே நேரத்தில் நடப்பதற்குக் காரணம் அந்த வெட்கக்கேடுதான். 1990இல் காமரூன் நடப்பு வாகையரான அர்ஜென்டினாவை வென்று காலிறுதி வரை சென்றது. 2022இல் மொராக்கோ அரையிறுதியை எட்டியது; வழியில் அது வெளியேற்றியவற்றுள் ஸ்பெயினும் உண்டு, போர்ச்சுகலும் உண்டு.

இந்த வரிசையில் கவனிக்கவேண்டியது காலமுறை. இடம் முன்னே வந்தது, தரம் பின்னே வந்தது. வலிமையான எதிரணிகளுடன் ஆடாமல் எந்த அணியும் வலிமை பெற்றதில்லை. தரம் வந்தபின் இடம் தருவோம் என்பவர்கள், நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்கு என்கிறார்கள்.

48 அணிகள் என்ற முடிவு நீதியுணர்வால் மட்டும் பிறந்தது என்று கொள்வதும் பேதைமை. 1974இல் ஸ்டான்லி ரவுஸைத் தோற்கடித்து ஃபிஃபா தலைவரான பிரேசிலின் ஜோவாவ் ஹாவலாஞ்சு ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கூடுதல் இடங்களை வாக்களித்தே வென்றார். அன்றுமுதல் இடங்கள் தேர்தல் நாணயமாகிவிட்டன. 104 ஆட்டங்கள் என்பது 104 ஒளிபரப்புகள். அந்த வருவாயைக் கருதாமல் எவரும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பேராசையைக் கண்டிப்பவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். 54 சங்கங்களைக் கொண்ட ஆப்பிரிக்காவுக்கு இப்போது 9 நேரடி இடங்கள். 55 சங்கங்களைக் கொண்ட ஐரோப்பாவுக்கு 16. பத்தே நாடுகள் ஆடும் தென்னமெரிக்காவுக்கு 6. தரம் நீர்த்துப்போவதாகப் புலம்புவோர் பத்தில் ஆறு நுழைவதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

களத்தின் கதவு இவ்வளவு திறந்திருக்கும்போது பார்வையாளர் மாடத்தின் கதவு வேறு திசையில் திரும்பியிருக்கிறது. போட்டியின் பெரும்பகுதி நடக்கும் அமெரிக்கா 2025இல் பிறப்பித்த பயணத் தடைகளில் ஈரானும் ஹைட்டியும் முழுமையாகவும், செனகலும் ஐவரி கோஸ்ட்டும் பகுதியாகவும் இடம்பெற்றன. நான்குமே இப்போட்டிக்குத் தகுதி பெற்ற நாடுகள். ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. ஜூன் 16 அன்று நியூஜெர்சியில் செனகல் தன் முன்னாள் காலனிய ஆட்சியாளரான பிரான்சைச் சந்திக்கிறது. 2002இல் சியோலில் இதே பிரான்சை, நடப்பு வாகையராக இருந்தபோதே, 1-0 என வென்ற அணி அது. அந்த ஆணையின்படி, ஏற்கெனவே விசா கையில் இல்லாத டக்கார் ரசிகர் புதிதாகச் சுற்றுலா விசா பெற்று அந்த ஆட்டத்துக்கு வர இயலாது. பாரிஸ் ரசிகருக்கு அத்தகைய தடை ஏதுமில்லை.