யார் கையில் சாவி?

நம் பழைய இதழ்களைத் தொகுக்கலாமென்று உட்கார்ந்தோம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய கோப்புகள் குறுந்தகட்டில் பத்திரமாக இருக்கின்றன. புதுக் கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரைப் போட்டால், 'இங்கே ஓடாது' என்கிறது.

"புது சாஃப்ட்வேருக்கு மாறுங்கண்ணே, மாசாமாசம் காசு கட்டிக்கலாம்" என்றான் கடைக்காரத் தம்பி. கவுண்டரில் ஊரார் தவணையை எழுதுகிற எனக்கு இன்னொரு தவணையா? அதைக் கட்டினாலும் பயனில்லை. பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்த கடைசி இன்டிசைன் 2012இல் வந்த சிஎஸ்6தான்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து நிறுவல் நிரல்கள் பல 16 பிட். 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடாது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

வழி உண்டு தோழர்களே. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. அதற்குள் பழைய 32 பிட் விண்டோஸ், பேஜ்மேக்கர், அன்றைய எழுத்துரு மூன்றையும் போடுங்கள். எழுத்துரு இல்லாவிட்டால் கட்டுரை வெறும் கிறுக்கல்தான்.

திறந்ததும் அங்கேயே குடியிருக்க வேண்டாம். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. பிடிஎஃப் எடுங்கள், எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இனி வரும் இதழுக்கு இலவச ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2017இல் வந்த 1.5.3 முதல் அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது.

எழுதக் கூடாதென்றவர்களை மீறி எழுதினோம். எழுதியதைத் திறக்க ஒரு கம்பெனியின் சாவிக்குக் காத்திருப்பதா? உங்கள் பரணில் கிடக்கும் குறுந்தகடு, பிளாப்பி எதுவானாலும் எடுத்து வாருங்கள். பூஞ்சை முந்திக்கொள்ளும்.