தம்பிகள் படை

வீரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் சங்க மேடைப் பேச்சு கடாரத்துக்குக் கப்பலேறிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போகத் தெரிந்த நமக்கு, பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இயங்கிவரும் மதராஸ் என்ஜினீயர் படை மட்டும் கண்ணில் படுவதில்லை. ராணுவத்தில் அந்தப் படையினருக்கு வழங்கும் செல்லப் பெயரே 'தம்பி' என்பதுதான்!

ஐதர் அலி ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்த 1780ஆம் ஆண்டு, செப்டம்பர் 30ஆம் நாள், சென்னைக் கோட்டையில் கும்பெனியார் 'பயனீர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளைத் திரட்டினர். பாதை போடவும், பாலம் கட்டவும், மதில் தகர்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1831இல் அது 'சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' ஆயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோதும் இவர்கள் அங்கே இருந்தார்கள்.

"அந்நியனுக்குச் செய்த ஊழியந்தானே?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஆம், அந்தப் போர்களைப் போற்றும்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தளபதிகள் 'போர்க்குடி' என்றொரு கொள்கையைக் கட்டி, தென்னாட்டான் சண்டைக்கு உதவான் என்று முடிவு கட்டினார்கள். சென்னைக் காலாட்படைகள் பல கலைந்தன. சில வடநாட்டாரைக் கொண்டு நிரப்பப்பட்டன. சாப்பர்களை விட மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. குண்டு பாயும் இடத்தில் நின்று கயிறும் மரமும் கொண்டு பாலம் கட்டுபவனை எங்கே போய்த் தேடுவது? சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பலர் அந்தப் படையில் இருந்தனர் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

1912இல் பெங்களூரில் காப்டன் மக்ளின்டாக் ஒரு கருவி செய்தார். வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்கம்பி வேலிக்கடியில் தள்ளி, தொலைவிலிருந்தே வெடிக்கச் செய்வது; வேலியில் வழி பிறக்கும். 'பெங்களூர் டார்பிடோ' என்ற அது 1944இல் நார்மண்டிக் கரையிலும் பயன்பட்டது. காப்டனின் பெயர் நின்றது. குழாயைத் தள்ளிய தம்பியின் பெயர்?

ஒரு பெயர் நின்றிருக்கிறது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் பாய்ந்து தன் உடலால் மூடி, உடன் இருந்தவர்களைக் காத்து மாண்டார் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் சிலுவை அவர் மறைவுக்குப்பின் வந்தது. மாதுங்காவில் நூறு மாணவரைக் கேட்டால் எத்தனை பேர் இவரைச் சொல்வார்கள்?

ஆய்வுக்கூடத்தில் ஸ்பானரைத் தொட்டால் பட்டம் குறைந்துவிடும் என்று கருதும் எம்.எஸ்ஸி. கூட்டம் நாம். (தாராவியில் தோல் தைக்கும் நம்மவர் கையை நாம் பார்க்கும் பார்வையும் இதுதான்.) ஆகவே செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பொங்கல் விழாவில் பட்டிமன்றத்தைச் சற்றுச் சுருக்கி, ஓய்வுபெற்ற தம்பி ஒருவரை அழைத்து, பாலம் கட்டுவது எப்படி என்று பேசச் சொல்லுங்கள். செம்பூரிலும் தாராவியிலும் விசாரித்தால் ஒருவர் கிடைக்காமலா போவார்?